38 ஆயிரம் புள்ளி போட்ட மேப் ஆமை மாதிரி நகருது, எஸ்விஜியை விட்டு கேன்வாஸுக்கு போகணுமா?

புள்ளிக்கோலம்:

வணக்கம் மக்களே, கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

நான் பேக்கெண்ட் ஆள், டேட்டா விஷுவலைசேஷன் பக்கம் எட்டிப் பார்த்து ரெண்டு மாசம்தான் ஆகுது. பழகறதுக்காக நிலநடுக்க டேட்டா எடுத்தேன். அமெரிக்க புவியியல் ஆய்வு நிறுவனமான யுஎஸ்ஜிஎஸ் சைட்ல உலகம் பூரா பதிவானதை சிஎஸ்வியா தர்றாங்க, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், மேக்னிட்யூட், ஐடி எல்லாம் தனித்தனி நெடுவரிசையா இருக்கு. ஒரு தடவைக்கு 20,000 வரிக்கு மேல தரமாட்டாங்க, அதனால மூணு மாசத்தை ரெண்டா பிரிச்சு ரெண்டு ஃபைலா இறக்கி ஒண்ணுக்கு கீழ ஒண்ணு ஒட்டிட்டேன். மொத்தம் 38 ஆயிரத்து சொச்சம் வரி.

டி3ங்கற ஜாவாஸ்க்ரிப்ட் லைப்ரரியில எஸ்விஜியா உலக மேப் வரைஞ்சு ஒவ்வொரு நிலநடுக்கத்துக்கும் ஒரு சர்க்கிள் போட்டேன், கீழ ஒரு ஸ்லைடர், அதை இழுத்தா அந்த வாரத்து புள்ளிங்க மட்டும் தெரியணும், மவுஸ் வெச்சா டூல்டிப், அதாவது குட்டி விவரப் பெட்டி வரணும். ஐடியா இவ்ளோதான்.

நடக்கறது என்னன்னா, ஸ்லைடரை இழுத்தா ஒரு செகண்டுக்கு மேல அப்படியே உறைஞ்சு நிக்குது, ஃபேன் சத்தம் பக்கத்து ரூம் வரைக்கும் கேக்குது. அப்புறம் ஃபில்டர் பண்றப்ப புள்ளிங்க மறையாம சிலியில இருந்து கிளம்பி பசிபிக்கை தாண்டி ஜப்பானுக்கு பறந்து போகுது, பார்க்க அழகாத்தான் இருக்கு ஆனா அது பொய்யாச்சே. டூல்டிப் வேற டியூப்லைட் மாதிரி மினுக்கு மினுக்குன்னு மினுக்குது. இதெல்லாம் போக கலர் ஸ்கேல் போட்டும் எல்லா புள்ளியும் கருப்பா நிக்குது, கன்சோல்ல நேன்னு (NaN, அதாவது இது எண்ணே இல்லைன்னு) ஒரே ஒரு எரர் வருது. ஒரு டுடோரியல்ல டி3.இவென்ட்னு பார்த்து போட்டா அப்படி ஒண்ணே இல்லைங்குது.

எஸ்விஜியை விட்டு, வெறும் பிக்சலா வரையற கேன்வாஸ் போனா இது எல்லாம் சரியாயிடுமா? இல்ல எனக்கே இது ஒத்து வராதா?

---

ராத்திரிகோடர்:

ப்ரோ, அஞ்சு பிரச்சனையும் அஞ்சு தனித்தனி பிரச்சனை. கேன்வாஸ் போனா அதுல ஒண்ணுதான் தீரும். எனக்கு தெரிஞ்சதை டக்குனு சொல்லிடறேன்.

டி3.இவென்ட் கதை ரொம்ப சிம்பிள், நீங்க பார்த்தது பழைய டுடோரியல். 2020ல வந்த 6ஆம் வெர்ஷன்ல அதை தூக்கிட்டாங்க, இப்ப லிசனர் ஃபங்ஷனுக்கு முதல் ஆர்க்யூமென்ட்டாவே இவென்ட் வரும், டேட்டா ரெண்டாவதா வரும். டி3.மவுஸும் போச்சு, அதுக்கு பதில் டி3.பாயின்டர். டி3 கத்துக்கறதுல பாதி கஷ்டமே இதான், 2011ல இருந்து இருக்கற லைப்ரரி, கூகுள்ல தேடினா பத்து வருஷம் முன்னாடி எழுதினதுதான் முதல்ல வந்து நிக்கும். டேட்டா லோட் பண்றதுக்கு கால்பேக் எழுதியிருந்தா அது 2018க்கு முந்தினது, 5ஆம் வெர்ஷன்லயே ப்ராமிஸுக்கு மாறிட்டாங்க. இந்த ரெண்டையும் அடையாளம் வெச்சுக்கிட்டா எந்த டுடோரியலை மூடிட்டு வரணும்னு பத்து செகண்ட்ல தெரிஞ்சிடும்.

புள்ளி பறக்கறதுக்கு காரணம் நீங்க கீ ஃபங்ஷன் குடுக்கல. டேட்டா மெத்தட்ல வெறும் அர்ரே மட்டும் குடுத்தா டி3 வரிசை நம்பரை வெச்சுதான் ஜோடி சேர்க்கும், அதாவது முதல் சர்க்கிளுக்கு முதல் வரி, ரெண்டாவதுக்கு ரெண்டாவது. ஃபில்டர் பண்ணினதும் வரிசை மாறிடுது, நேத்து வரைக்கும் சிலியா இருந்த சர்க்கிள்கிட்ட போய் இனிமே நீ ஜப்பான்னு சொல்றீங்க, ட்ரான்சிஷன் வேற இருக்கறதால அது பாவம் நடந்தே போகுது. ரெண்டாவது ஆர்க்யூமென்ட்டா ஐடியை திருப்பித் தர்ற ஒரு ஃபங்ஷன் குடுங்க, தீர்ந்தது.

டூல்டிப் மினுக்கறது ஏன்னா டூல்டிப் வந்து மவுஸுக்கு நேர் கீழ உக்காருது, உடனே மவுஸ் சர்க்கிளை விட்டு வெளிய போயிட்டதா ப்ரவுசர் நினைக்குது, டூல்டிப் மறையுது, மறைஞ்சதும் மறுபடி சர்க்கிள் மேல மவுஸ், மறுபடி டூல்டிப். சிஎஸ்எஸ்ல டூல்டிப்புக்கு பாயின்டர்-இவென்ட்ஸ் none-னு போட்டுட்டு பத்து பிக்சல் தள்ளி வைங்க.

வேகத்தை பத்தி பூனை அண்ணன் வந்து சொல்லட்டும், அவர் ஏரியா அது.

---

பரண்மேல்பூனை:

கூப்பிட்டியா வந்துட்டேன்.

கருப்பு மேட்டரை முதல்ல முடிச்சிடுவோம், ஏன்னா இது கண்டுபிடிக்க நல்லா இருந்துச்சு. தம்பி, நீ ரெண்டு ஃபைலை ஒட்டினேன்னு சொன்னல்ல, ரெண்டாவது ஃபைலோட தலைப்பு வரியை வெட்டினியா? வெட்டியிருக்க மாட்டே. அப்ப பாதியில ஒரு வரியில மேக்னிட்யூட் இருக்க வேண்டிய இடத்துல அந்த நெடுவரிசையோட பேரே எழுத்தா உக்காந்திருக்கு. டி3.சிஎஸ்வி எல்லாத்தையும் ஸ்ட்ரிங்காதான் தரும், நம்பராக்கறது நம்ம வேலை. ஸ்ட்ரிங்குகளை டி3.மேக்ஸ்கிட்ட குடுத்தா அகராதி வரிசையில ஒப்பிடும், அகராதியில எழுத்து எப்பவும் எண்ணை விட பெருசு, ஆக உன் டேட்டாவுல மிகப்பெரிய நிலநடுக்கம் அந்த தலைப்பு வார்த்தைதான். அதை வெச்சு கலர் ஸ்கேலோட டொமைன், அதாவது கீழ் மேல் எல்லை போட்டா கணக்கு பூரா நேன், கலர் கிடைக்காது, ஃபில் இல்லாத சர்க்கிள் எஸ்விஜியில கருப்பு. ஒரே ஒரு வரி, 38 ஆயிரம் புள்ளியையும் கருப்பாக்கிடுச்சு. கன்சோல்ல வந்த அந்த ஒத்தை நேன் எரரும் அதே வரிதான், அட்சரேகை இல்லாத ஊர்ல புள்ளி வைக்க சொன்னா அது என்ன பண்ணும்.

தலைப்பு வரி இல்லாட்டியும் இது கடிக்கும், ஸ்ட்ரிங் கணக்குல 9 வந்து 10ஐ விட பெருசு. டி3.ஆட்டோடைப் போட்டா நம்பரும் தேதியும் தானா மாறும், ஆனா அது ஒவ்வொரு மதிப்பையும் தனியா பார்த்து முடிவு பண்றதால திருட்டு வரி எழுத்தாவே தப்பிச்சு வரும், அதை நீயே ஃபில்டர்ல தூக்கு. தேதி பிரிச்ச எல்லையில ஒரே ஐடி ரெண்டு தடவை வந்திருக்கான்னும் பாரு, கீ ஃபங்ஷன் குடுத்தப்புறம் டூப்ளிகேட் இருந்தா ஒவ்வொரு அப்டேட்லயும் ஒண்ணு வெளிய போய் ஒண்ணு புதுசா வந்துக்கிட்டே இருக்கும்.

இப்ப வேகம். எஸ்விஜியில நீ வைக்கற ஒவ்வொரு சர்க்கிளும் டாம்ல, அதாவது ப்ரவுசர் வெச்சிருக்கற பக்கத்தோட மரத்துல, ஒரு உயிருள்ள பொருள். அதுக்கு ஸ்டைல் உண்டு, இவென்ட் உண்டு, ப்ரவுசர் அதை ஞாபகம் வெச்சுக்கணும், ஒண்ணு மாறினா கணக்கு பார்க்கணும். சில நூறுக்கு சொகம், சில ஆயிரத்துக்கு பரவால்ல, 38 ஆயிரம்னா தாங்காது. டெவ்டூல்ஸ்ல பெர்ஃபார்மன்ஸ் டேபை திறந்து ஸ்லைடரை ஒரு தடவை இழுத்துப் பாரு, உன் ஜாவாஸ்க்ரிப்ட் கொஞ்ச நேரமும் ஸ்டைல் கணக்கும் பெயின்ட்டும் மிச்ச நேரமும் தின்னும்னு நினைக்கறேன். ஒரு செகண்டுக்கு 60 ஃப்ரேம்னா ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட்தான் இருக்கு, அதுக்குள்ள எல்லாம் முடியணும். ட்ரான்சிஷன் வேற வெச்சிருக்கே, அப்ப ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 38 ஆயிரம் அட்ரிப்யூட் மாத்தம். ட்ரான்சிஷனை மட்டும் எடுத்துட்டாலே பாதி மூச்சு திரும்பும்.

கேன்வாஸ் வேற ஜாதி. அதுல பொருளே கிடையாது, பிக்சல் மட்டும்தான், வரைஞ்சதும் மறந்துடும். அதனாலதான் வேகம், அதனாலதான் தொல்லையும். மவுஸ் எந்த புள்ளி மேல இருக்குன்னு கேட்டா கேன்வாஸுக்கு தெரியாது, நீதான் தேடணும். 38 ஆயிரத்தையும் லூப் போட்டு தேடாம இடத்தை நாலு நாலா பிரிச்சு அடுக்கற டி3.குவாட்ட்ரீயில ஒரு தடவை போட்டு வை, ஃபைண்ட் மெத்தட்கிட்ட எக்ஸ், ஒய், ரேடியஸ் குடுத்தா பக்கத்துல இருக்கற புள்ளியை கண்ணிமைக்கறதுக்குள்ள எடுத்து தரும். ஜூம் வெச்சிருந்தா மவுஸ் இடத்தை ஜூம் ட்ரான்ஸ்ஃபார்மோட இன்வெர்ட்ல போட்டு திருப்பிட்டு அப்புறம் தேடு, இதை மறந்துட்டு அரை நாள் தலையை பிச்சுக்கிட்டவன் சொல்றேன்.

ஒரு கேன்வாஸ்ல எல்லாத்தையும் திணிக்காதே. கடற்கரை கோடு ஒரு கேன்வாஸ், அது ஜூம் பண்ணினா மட்டும் மாறும். புள்ளிங்க அதுக்கு மேல இன்னொண்ணு. அதுக்கும் மேல ஒரு காலி எஸ்விஜி, மவுஸ் பட்ட புள்ளியை சுத்தி வட்டம் போட, அங்க ஒரே ஒரு பொருள்தான் இருக்கும்.

---

நேர்கோடு:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். எல்லாரும் எப்படி வேகமா வரையறதுன்னு பேசறீங்க, எதுக்கு 38 ஆயிரம் வரையணும்னு யாரும் கேக்கல.

நான் இந்த யுஎஸ்ஜிஎஸ் டேட்டாவை கொஞ்ச நாள் மேய்ஞ்சிருக்கேன். அதுல பெரும்பாலான வரி மேக்னிட்யூட் 2.5க்கு கீழ, பொதுவா மனுஷன் உணராத நடுக்கம். அதெல்லாம் எங்க பதிவாகும்னா நிலநடுக்க மானி நெருக்கமா வெச்சிருக்கற இடத்துலதான், அதாவது கலிஃபோர்னியா, அலாஸ்கா, ஹவாய் இந்த மாதிரி. அமெரிக்காவுக்கு வெளியில அவங்க லிஸ்ட்ல வர்றது பெரும்பாலும் 4, 4.5க்கு மேல உள்ளதுதான். ஜப்பான்லயும் குட்டி குட்டியா தினமும் ஆடிக்கிட்டுத்தான் இருக்கு, அது அவங்க நாட்டு கேட்டலாக்ல இருக்கும், இதுல வராது. ஆக உங்க மேப்பை பார்க்கறவங்க உலகத்துலயே கலிஃபோர்னியாதான் அதிகமா நடுங்குதுன்னு நினைச்சுக்கிட்டு போவாங்க. நீங்க வரைஞ்சிருக்கறது நிலநடுக்க மேப் இல்ல, மானி எங்கெல்லாம் இருக்குங்கற மேப்.

4.5க்கு மேலன்னு வெட்டிப் பாருங்க. உலகம் பூரா ஒரே அளவுகோல் ஆயிடும், புள்ளியும் ரெண்டாயிரத்தை ஒட்டி வந்து நிக்கும், எஸ்விஜியே சிரிச்சுக்கிட்டு வரையும்.

இன்னொண்ணு, சர்க்கிள் சைஸ் எதை வெச்சு போட்டீங்க? மேக்னிட்யூட் லாக் கணக்கு. ஒரு படி ஏறினா அதிர்வோட வீச்சு 10 மடங்கு, வெளிய வர்ற ஆற்றல் சுமார் 32 மடங்கு. 5க்கும் 7க்கும் நடுவுல ஆற்றல்ல ஆயிரம் மடங்கு வித்தியாசம். மேக்னிட்யூடை அப்படியே ஸ்கேல்ஸ்கொயர்ரூட்ல போட்டா 7 வந்து 5ஐ விட லேசா குண்டா தெரியும், அவ்ளோதான். பரப்பளவுதான் ஆற்றல்னு காட்டணும்னா 7க்கு 30 பிக்சல் ரேடியஸ் குடுத்தா 5க்கு ஒரு பிக்சல்தான் மிஞ்சும். ரெண்டுல எது வேணும்னு நீங்க முடிவு பண்ணுங்க, ஆனா முடிவு பண்ணி செய்யுங்க. கலரையும் மேக்னிட்யூடுக்கே குடுத்து வீணாக்காதீங்க, சைஸ் ஏற்கனவே அதைத்தான் சொல்லுது. கலரை ஆழத்துக்கு குடுங்க, 70 கிலோமீட்டர் வரை ஒண்ணு, 300 வரை ஒண்ணு, அதுக்கு கீழ ஒண்ணு. டோங்கா பக்கம் பாருங்க, கிழக்குல அகழி ஓரமா மேலோட்டமா ஆரம்பிச்சு மேற்க போகப்போக புள்ளி ஆழமாகிக்கிட்டே போகும், ஒரு தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில சரிஞ்சு இறங்கறது கண்ணால தெரியும். எனக்கு முதல் தடவை அது தெரிஞ்சப்ப எழுந்து போய் தண்ணி குடிச்சிட்டு வந்தேன்.

---

சும்மாஎட்டிப்பார்த்தேன்:

எதுக்குப்பா இந்த கஷ்டம்? அப்சர்வபிள் ப்ளாட்னு ஒண்ணு இருக்கு, டி3 பண்ணினவங்களோடதுதான், பத்து வரியில மேப் வரும். இல்லைன்னா வேகா-லைட். டி3ல கையால வரையறது எல்லாம் வாத்தியம் வாசிக்க மரம் வெட்டற மாதிரி.

---

பரண்மேல்பூனை:

மரம் வெட்டறதும் ஒரு வேலைதான்யா :) ப்ளாட் நல்ல சாமான், ஆராய்ஞ்சு பார்க்கறதுக்கு நானே அதைத்தான் முதல்ல எடுப்பேன். ஆனா அது வரையறது எஸ்விஜி, 38 ஆயிரம் புள்ளியை குடுத்தா அதுவும் அதே இடத்துலதான் மூச்சு வாங்கும். நேர்கோடு சொன்ன மாதிரி ரெண்டாயிரத்துக்கு இறக்கினா நீ சொல்றது சரி. வேற பக்கம் போய் லட்சக்கணக்குல வேணும்னா கிராஃபிக்ஸ் கார்டை வெச்சு வரையற வெப்ஜிஎல், டெக்.ஜிஎல் மாதிரி, அது தனி கதை.

---

புள்ளிக்கோலம்:

எல்லாருக்கும் கும்பிடு. முதல்ல ஒண்ணு, ப்ரோவும் இல்ல தம்பியும் இல்ல, சிஸ்டர்தான். பரவால்ல, பழகிடுச்சு.

தலைப்பு வரி கரெக்டா 19 ஆயிரத்து சொச்சமாவது வரியில உக்காந்திருந்துச்சு, தூக்கினதும் கலர் வந்துடுச்சு. மூணு ராத்திரி கலர் ஸ்கேலை மாத்தி மாத்தி போட்டுக்கிட்டிருந்தேன், சிரிக்கறதா அழறதா தெரியல. டூப்ளிகேட் ஐடி ரெண்டு இருந்துச்சு. கீயும் டூல்டிப்பும் சரி.

நேர்கோடு சார் சொன்னது உறைச்சுது. 4.5க்கு வெட்டிப் பார்த்தேன், கலிஃபோர்னியா கிட்டத்தட்ட காணாமலே போச்சு, பசிபிக்கை சுத்தி ஒரு மாலை மாதிரி வந்து நிக்குது. அதையே முதல் காட்சியா வெச்சுட்டேன், எஸ்விஜியிலயே. ஆனா எல்லாத்தையும் காட்டுன்னு ஒரு பட்டனும் வெச்சிருக்கேன், அதை அமுக்கினா ஏன் அமெரிக்கா மட்டும் நிறையுதுன்னு ரெண்டு வரி விளக்கம் வரும். அந்த பட்டனுக்காக கேன்வாஸ் எழுதினேன், அங்கதான் மாட்டிக்கிட்டேன். பாதி வரைஞ்சிட்டு இன்டெக்ஸ்சைஸ்எரர்னு சொல்லி நின்னுடுது, எஸ்விஜியில இதே டேட்டா கடைசி வரைக்கும் வரைஞ்சுச்சே. அப்புறம் புள்ளி எல்லாம் கண்ணாடி போடாம பார்க்கற மாதிரி மங்கலா இருக்கு. வேகம் கொஞ்சம் கூடட்டும்னு வட்டம் வரையற எல்லா ஆர்க்கையும் ஒரே பாத்ல போட்டு ஒரே ஃபில் பண்ணினேன், புள்ளிக்கு புள்ளி கோடு இழுத்து சிலந்திவலை ஆகிடுச்சு.

---

பரண்மேல்பூனை:

மன்னிச்சுக்கோம்மா, பேரை பார்த்தாவது யோசிச்சிருக்கணும்.

எரருக்கு காரணம் மைனஸ். மேக்னிட்யூட் லாக் கணக்குங்கறதால ரொம்ப குட்டி நடுக்கத்துக்கு பூஜ்யத்துக்கும் கீழ போகும், மைனஸ் 0.5 எல்லாம் லிஸ்ட்ல சாதாரணமா இருக்கும். ஸ்கேல் 0ல ஆரம்பிச்சா அதுக்கு மைனஸ் ரேடியஸ் வரும். எஸ்விஜி கன்சோல்ல முணுமுணுத்துட்டு அந்த ஒரு சர்க்கிளை விட்டுட்டு போயிடும், கேன்வாஸோட ஆர்க் எரரை தூக்கி எறிஞ்சு லூப்பையே நிறுத்திடும். ஸ்கேல் எல்லையை தாண்டாம இருக்க கிளாம்ப் போடு, கீழ் வரம்பை ஒரு பிக்சல்னு வை.

மங்கலுக்கு, உன் ஸ்க்ரீன்ல ஒரு சிஎஸ்எஸ் பிக்சலுக்குள்ள ரெண்டு மூணு நிஜ பிக்சல் இருக்கு. டிவைஸ்பிக்சல்ரேஷியோவை எடுத்து கேன்வாஸோட அகலம் உயரத்தை அதால பெருக்கு, சிஎஸ்எஸ் அளவை பழையபடியே விட்டுட்டு கான்டெக்ஸ்டை அதே அளவுக்கு ஸ்கேல் பண்ணு. கேன்வாஸ் அளவை மாத்தினா உள்ள இருக்கற படமும் செட்டிங்கும் அழிஞ்சிடும், அதனால அளவு மாத்தினதுக்கு அப்புறம்தான் ஸ்கேல்.

சிலந்திவலைக்கு ஒவ்வொரு ஆர்க்குக்கும் முன்னாடி மூவ்டு போட்டு பேனாவை தூக்கி வைக்கணும், வட்டத்தோட வலது ஓரத்துல, அதாவது எக்ஸோட ரேடியஸை கூட்டின இடத்துல. ஆனா இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. ஒரே பாத்ல எல்லாத்தையும் போட்டு அரை ஒளிபுகற கலர்ல ஃபில் பண்ணினா, ஒண்ணு மேல ஒண்ணு விழுந்த இடம் அடர்த்தியா தெரியாது, எல்லாம் சேர்ந்து ஒரே தட்டையான கலர் ஆகிடும். நெரிசல் எங்கன்னு தெரியணும்னா தனித்தனியாதான் ஃபில் பண்ணணும். உனக்கு நெரிசல்தானே விஷயம், தனித்தனியாவே போடு, குட்டிகளை மட்டும் ரெண்டு பிக்சல் ஃபில்ரெக்ட்டா போட்டுட்டா ஆர்க்கை விட வேகம். கலர் வாரியா பிரிச்சு வரைஞ்சா ஃபில்ஸ்டைலை மூணே தடவை மாத்தினா போதும்.

ஸ்லைடர் இழுக்கறப்ப ஒவ்வொரு இன்புட் இவென்ட்டுக்கும் வரையாதே, ஒரு மாறியில குறிச்சு வெச்சுக்கிட்டு ரெக்வெஸ்ட்அனிமேஷன்ஃப்ரேம்ல ஒரு தடவை வரை. டேட்டாவை நேரப்படி அடுக்கிட்டா ஃபில்டரே வேண்டாம், பாதி பாதியா வெட்டித் தேடற பைசெக்ட்ல ரெண்டு முனையை கண்டுபிடிச்சு நடுவுல உள்ளதை மட்டும் லூப் போடு.

---

புள்ளிக்கோலம்:

அண்ணே, ஓடுது! இழுக்க இழுக்க கூடவே வருது, ஃபேன் கப்சிப். டோங்கா பக்கம் கலர் மாறறதையும் பார்த்துட்டேன், நானும் போய் தண்ணி குடிச்சிட்டு வந்தேன்.

கடைசியா ஒண்ணு. ஃப்ரெண்டுகிட்ட லிங்க் குடுத்தேன், ஃபோன்ல திறந்தவ மேப்புக்கு கீழ ஸ்க்ரோல் பண்ணவே முடியலைங்கறா, விரல் வெச்சா மேப்தான் நகருதாம். டூல்டிப்பும் வரலையாம்.

---

ராத்திரிகோடர்:

சிஸ்டர், ஃபோன்ல ஹோவர்னு ஒண்ணு கிடையாது, அதனால டூல்டிப்ல மட்டும் இருக்கற தகவல் ஃபோன்காரங்களுக்கு இல்லாத தகவல். பெரிய நிலநடுக்கம் அஞ்சாறுக்கு பேரும் தேதியும் மேப் மேலயே எழுதிடுங்க. மத்ததுக்கு மவுஸ் இவென்ட்டை பாயின்டர் இவென்ட்டா மாத்துங்க, தட்டினா வரட்டும், குவாட்ட்ரீ தேடற ரேடியஸை 20 பிக்சலுக்கு மேல வைங்க, விரல் நுனி மவுஸ் நுனி இல்ல.

ஸ்க்ரோல் மாட்டறது டி3.ஜூம் வேலை. அதோட ஃபில்டர்ல ரெண்டு விரல் இருந்தா மட்டும் ஏத்துக்கோன்னு சொல்லுங்க, மவுஸ் வீலுக்கு கன்ட்ரோல் கீ அமுக்கியிருந்தா மட்டும்னு சொல்லுங்க. கேன்வாஸ் மேல சிஎஸ்எஸ்ல டச்-ஆக்‌ஷனை பேன்-ஒய்னு வெச்சா ஒரு விரல் மேல கீழ போறதை ப்ரவுசரே பார்த்துக்கும். பட்டன்ல ஜூம் இன், ஜூம் அவுட் வெச்சிடுங்க, ரெண்டு விரல்னு எல்லாருக்கும் தோணாது.

அந்த கேன்வாஸுக்கு பார்வையில்லாதவங்களுக்கு படிச்சு சொல்ற ஸ்க்ரீன் ரீடருக்காக ஒரு aria-label விளக்கமும் கீழ ஒரு சின்ன டேபிளும் போட்டுடுங்க, கேன்வாஸ் உள்ள என்ன இருக்குன்னு அதால படிக்க முடியாது.

---

நேர்கோடு:

லிங்கை இங்கயும் போடுங்கம்மா, அந்த "எல்லாத்தையும் காட்டு" பட்டனை அமுக்கிப் பார்க்கணும்.